ஒரு நாளைக்கு ஒரு படம்

அம்பிளி கடவுளை வரைந்தது ஒரே ஒரு முறைதான். ஒரு விநாயகர் சதுர்த்தியன்று காலையில், வேறு யோசனை கிடைக்காமல், சாக்கடையை மூடிய சிமென்ட் ஸ்லாபின் மேல் செங்கல் துண்டால் ஒரு தும்பிக்கையும் ஒரு வயிறும் இழுத்துவிட்டாள். மறுநாள் அந்த ஸ்லாபின் மேல் செம்பருத்திப் பூவும் சூடமும் இருந்தன. மூன்றாம் நாள் யாரோ சுற்றிலும் நான்கு கல் அடுக்கினார்கள். பன்னிரண்டு நாள் அந்த ஸ்லாபைத் தூக்க விடவில்லை. அடியில் சேறு நிரம்பி நாறியது, மேலே ஊதுவத்தி மணத்தது. அள்ள வந்த பெண்ணைத் தீட்டு என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். தும்பிக்கையை வரைந்ததும் அதே கைதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை வந்து கடவுளைக் கழுவிக்கொண்டு போன பிறகுதான் சாக்கடைக்கு விடுதலை கிடைத்தது.

அம்பிளிக்கு நாற்பத்து மூன்று வயது. கொச்சி மட்டாஞ்சேரியில் சாக்கடை அள்ளும் தினக்கூலித் தொழிலாளி. அவளுடைய கொள்ளுத் தாத்தாவை, மலம் அள்ளுவதற்காகச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சிக்குக் கூட்டிவந்தார்கள். வாளி போய்த் தள்ளுவண்டி வந்தது, தள்ளுவண்டி போய் லாரி வந்தது. ஆள் மட்டும் மாறவில்லை. எல்லோரும் படித்தவர்கள், இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிற ஊர் இது. சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அந்தப் பெருமை எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியும்.

அம்பிளி வீட்டில் பேசுவது தமிழ். எட்டாம் வகுப்பு வரை படித்தது மலையாளம். பதினான்கு வருடம் தினக்கூலியாக இருந்தபின், இந்த ஆண்டு நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் நான்காவதாக வந்திருந்தது. எழுத்தில் ஒரே ஒரு புகார் பதிவானாலும் பெயர் விழுந்துவிடும். அடுத்த பட்டியல் வருவதற்குள் வயது தாண்டிவிடும்.

அவளைப் படம் வரைய வைத்தது சுகாதார ஆய்வாளர் சுதீரின் சோம்பல். சந்துக்குச் சந்து சாக்கடையை ஸ்லாப் போட்டு மூடியிருக்கிறது. நடுநடுவே இரும்பு வளையம் வைத்த ஸ்லாபுகள் உண்டு. அவற்றைத் தூக்கித்தான் சேற்றை அள்ள வேண்டும். அள்ளி மூடியதும், செங்கல் துண்டால் மேலே ஒரு பெருக்கல் குறி போடுவது தொழிலாளிகளின் வழக்கம். மாலையில் சுதீர் ஸ்கூட்டரில் போவார். குறியைப் பார்ப்பார், பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதுவார். இறங்கி, ஒரு ஸ்லாபையாவது தூக்கச் சொல்லிப் பார்ப்பது அவருடைய வேலைதான். ஆனால் அவர் போடுவது வெள்ளைச் சட்டை.

வெயில் காலத்தில் செங்கல் குறி சீக்கிரம் அழியாது. அதில்தான் தகராறு.

“எந்தா அம்பிளி, இது போன ஆழ்ச்ச போட்ட குறியல்லே?”

“போன வாரத்துது இல்ல சார், இன்னைக்குப் போட்டது. அள்ளின சேறு காயாமக் கிடக்கு, பாருங்க.”

“சேறு எல்லா நாளும் ஒண்ணுதான். நீ என்னை ஏமாத்திப் பொட்டனாக்க வேண்டா.”

அப்படி ஒரே மாதத்தில் மூன்று நாள் அவளுக்கும், கூட வேலை செய்யும் ராமருக்கும் ஆஜரும் அன்றைய கூலியும் வெட்டப்பட்டன. தேதியை எழுதிவிடுகிறோம் என்றார் ராமர். சொரசொரப்பான சிமென்டில் செங்கலால் எழுதிய எண் ஸ்கூட்டரிலிருந்து தெரியாது என்றார் சுதீர். அப்போதுதான் அம்பிளி கேட்டாள்.

“சார், ஒரு நாளைக்கு ஒரு படம் போடட்டா? அன்னைக்கு அள்ளின எல்லா ஸ்லாபுலயும் அதே படம். அடுத்த நாள் வேற. காலைல ஆஜர் எடுக்கும்போதே என்ன படம்னு காட்டிருவேன்.”

சுதீர் சிரித்தார். “வரை, வரை. நீ பெரிய ஆர்ட்டிஸ்டல்லே.”

அன்று முதல் ஆண்டுக்கு முந்நூறு படம் கண்டுபிடிக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. கூலியில்லாத வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மாதம் எளிதாகப் போயிற்று. மீன், படகு, தென்னை, குடை, பூனை. இரண்டாம் மாதம் பெரிய பொருள்களெல்லாம் தீர்ந்துபோயின. அவசரத்தில் ஒரு நாள் மீனை மறுபடி வரைந்தாள். அது பழைய மீன் என்று சுதீர் ஆஜரை வெட்டினார். மறுநாளே, ஒரு மிளகு வியாபாரி குப்பையில் போட்டிருந்த டைரியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். பக்கத்துக்கு ஒரு படம், மேலே தேதி. காலையில் அதைச் சுதீரிடம் நீட்டினாள். முதல் ஏழு நாள் அவர் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். எட்டாம் நாள் அலுத்துவிட்டது.

“தினமும் இதைப் பார்க்க எனக்கு வேற பணியில்லையா? கொண்டுபோ.”

அம்பிளி டைரியை நிறுத்தவில்லை. யோசனை எங்கிருந்து வரும் என்பதற்கும் ஒரு வழி கண்டாள். அவள் குடியிருக்கும் காலனியிலிருந்து ஆஜர் கொடுக்கும் இடத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அந்த நடையில் கண்ணில் பட்டதில் ஒன்று. முழுப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. குடை தீர்ந்தால் குடைக்கம்பி இருக்கிறது. மீன் தீர்ந்தால் மீன்காரியின் தராசு இருக்கிறது, அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருக்கும் பூனையின் வால் இருக்கிறது. நான்கு கோட்டுக்கு மேல் போக முடியாது. கையுறையைக் கழற்றாமல், வளைந்த முதுகோடு, பத்துப் பதினைந்து இடத்தில் ஒரே மாதிரி வரைய வேண்டும். அதனால் எதைப் பார்த்தாலும் அதைக் கோடுகளாகப் பார்க்கப் பழகினாள். ஊக்கு இரண்டு கோடு. சுக்குத் துண்டு மூன்று. கடையில் ஆற்றும்போது நீளுகிற சாயா ஒரே கோடு, மேலும் கீழும் தம்ளர். கோடு குறையக் குறையப் படம் நன்றாக வருகிறது என்பதைக் கவனித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஒன்றுமே அகப்படாத நாளில் ராமர் உதவிக்கு வருவார்.

“ஒண்ணும் கிட்டலைன்னா என் மூஞ்சிய வரை.”

“நாலு கோட்டுல அடங்காது அண்ணே. அவ்வளவு கோணல்.”

“அப்ப பல்லை மட்டும் வரை. பாதி போயாச்சு, உனக்கும் பணி குறைவு.”

அன்றைய படம் ராமரின் பல். இரண்டு வளைவு, நடுவே பெரிய இடைவெளி, ஓரத்தில் ஒற்றைப் பல். அந்தப் பல்தான் பிறகு வினையாயிற்று.

குடோன் சந்தில் பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றை ஸாதனா காபிக் கடையாக்கி வைத்திருந்தாள். பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் கொச்சியில் வந்து நிலைத்த தமிழ்க் குடும்பம் அவளுடையது. மூட்டை தூக்கிய கப்பியைத் துருவோடு அலங்காரமாக விட்டிருந்தாள். மூட்டை தூக்கியவர்களை விடவில்லை. அலமாரியில் விலையுயர்ந்த வெற்று நோட்டுகள் இருந்தன. தினமும் ஒரு சின்னக் கிறுக்கல் போட்டால் மனம் அமைதியடையும் என்று சொல்லி, என்ன கிறுக்குவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினாள்.

கடை வாசல் ஸ்லாபில் ராமரின் பல்லைப் பார்த்தபோது, அது அவளுக்குக் கடலில் சாயும் பிறைநிலவாகத் தெரிந்தது. படம் எடுத்தாள். பிறகு சந்து சந்தாகத் தேடிப் போய் மற்றவற்றையும் எடுத்தாள். ‘மட்டாஞ்சேரியின் முகம் தெரியாத சிவப்புக் கை’ என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டாள். பார்த்தவர்கள் யாராக இருக்கும் என்று ஊகித்தார்கள். பாரீஸிலிருந்து வந்து ஒளிந்து வாழும் ஓவியர் என்றார் ஒருவர். கல்லூரி மாணவர்களின் எதிர்ப்பு என்றார் இன்னொருவர். வாரம் ஒரு முறை, அதே கடை வாசலில், காபி குடிப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற நேரத்தில், ஒரு பெண் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை யாரும் மூடி வைத்திருக்கவில்லை.

பிறைநிலவு அழியக் கூடாது என்று ஸாதனா அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சு ஊற்றினாள். பூச்சு வழிந்து விளிம்பெல்லாம் அடைத்து, ஸ்லாப் அசையாமல் ஒட்டிக்கொண்டது. அம்பிளி சுதீரிடம் சொன்னாள். “அது கிடக்கட்டும், அடுத்ததைத் தூக்கு,” என்றார் சுதீர். அந்தக் கடையில் அவருக்கு நல்ல காபி கிடைக்கும். விநாயகருக்கு நேர்ந்ததே ராமரின் பல்லுக்கும் நேர்ந்தது. பக்திக்குப் பதில் ரசனை, அவ்வளவுதான். இரண்டுமே சாக்கடையைத் திறக்க விடவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு. வகுப்புக்குப் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். ஸாதனா அவர்களைச் சந்துக்கு இறக்கினாள். ஆளுக்கொரு செங்கல் துண்டு கொடுத்தாள்.

“அந்த ஆர்ட்டிஸ்ட் யூஸ் பண்றது வெறும் செங்கல்தான். நாமளும் அதையே எடுத்துப்போம். ஆளுக்கொரு ஸ்லாப். முதல்ல என்ன தோணறதோ அதை வரையுங்கோ. யோசிக்கவே கூடாது.”

யோசிக்கவே கூடாது என்பதை அவர்கள் உண்மையாகக் கடைப்பிடித்தார்கள். ஒருவர் திமிங்கிலம் வரைந்தார், ஒருவர் ஆகாயத்தில் பறக்கும் பலூன். பனிமனிதன், கப் கேக், தொட்டியில் கள்ளிச்செடி, குடை பிடித்த யானை. உட்கார்ந்திருந்த ஸ்லாபுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது ஒருவர் மனதிலும் முதலிலும் தோன்றவில்லை, கடைசியிலும் தோன்றவில்லை. அந்தச் சந்தில் பதினான்கு வளைய ஸ்லாபுகள். பதின்மூன்றில் புதுப் படம், ஒன்றில் ராமரின் பல். வேலை செய்கிறவர்களின் மொழியில் அவற்றுக்கெல்லாம் ஒரே பொருள்தான்: இங்கே சேறு அள்ளியாயிற்று.

திங்கட்கிழமை மாலை சுதீர் அந்த வழியே ஸ்கூட்டரில் போனார். குடோன் சந்தின் முறை புதன்கிழமை. ஆனால் ஸ்லாபுதோறும் சிவப்பாக ஏதோ இருந்தது. வேகத்தைக் குறைக்காமலே பார்த்தார். ‘குடோன் சந்து, பதினான்கு ஸ்லாப், ஜூன் ஒன்று, முடிந்தது’ என்று எழுதினார். புதன்கிழமைக்கு அம்பிளிக்கும் ராமருக்கும் படகுத்துறைப் பக்கம் வேலை என்று செல்பேசியில் செய்தி வந்தது.

“அப்ப குடோன் சந்து?” என்றாள் அம்பிளி.

“வேற ஆளப் போட்டிருப்பான். கேட்டா, உனக்கெதுக்கும்பான்.”

கேட்கவில்லை. கேள்வி கேட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. குடோன் சந்தின் சாக்கடை பொங்கிப் பதினொரு வீடுகளுக்குள் போயிற்று. காபிக் கடை மூன்று படி உயரம், அங்கே ஏறவில்லை. தாழ்ந்த கோடியில் ஒரு வீட்டில், காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த மனிதரைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மறுநாள் சந்துக்காரர்கள் சுகாதார அலுவலகத்தின் முன் கூடிக் கத்தினார்கள். கத்தலுக்குப் பதிலாக ஓர் ஆளைக் காட்ட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அம்பிளிக்கு நோட்டீஸ் வந்தது. வேலை செய்யாமலே பதினான்கு ஸ்லாபிலும் பொய்க்குறி இட்டு மேலதிகாரியை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. வியாழக்கிழமை விசாரணை. நிரூபணமானால் பட்டியலிலிருந்து மட்டுமல்ல, வேலையிலிருந்தே நீக்கம்.

சந்தில் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்பிளி அறிந்துகொண்டாள். காபிக் கடையின் மூன்று படிகளையும் அவள் ஏறியது அன்றுதான். ராமர் வாசலில் நின்றுகொண்டார்.

“மேடம், ஞாயித்துக்கிழமை ஸ்லாபுல வரைஞ்சது உங்க ஆளுக. செங்கல் படம் தினமும் போடறது நான். என் மேல கேஸ் ஆயிருக்கு. ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

ஸாதனா எழுந்தே விட்டாள். “அது நீங்களா? நீங்க தமிழா? ஒரு வருஷமா உங்களைத் தேடிண்டிருக்கேன்.”

“வாராவாரம் உங்க வாசல்லதான் நின்னேன்.”

“உங்களை உட்கார வெச்சுப் பேசணும். எவ்வளவு பெரிய கதை இது.”

“கதை பின்னே ஆவட்டும். வியாழக்கிழமை வருவீங்களா?”

ஸாதனாவின் குரல் இறங்கியது. “பர்மிஷன் இல்லாம பொது இடத்துல வரைஞ்சோம்னு ஆயிடும். கடை லைசன்ஸுக்கே பிரச்னை. வந்தவா எல்லாம் பெரிய இடத்துக் குழந்தைகள் வேற. நான் வேற விதத்துல ஹெல்ப் பண்றேனே. உங்க படத்தை வெச்சு ஒரு எக்ஸிபிஷன் பண்ணலாம். உங்க பேரைப் போட்டே.”

“என் பேரு இப்ப நோட்டீஸ்ல இருக்கு மேடம். முதல்ல அதை எடுத்துத் தாங்க.”

ஸாதனா மேசைமேல் இருந்த நோட்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அட்டையில் அந்தப் பிறை.

“இது மட்டும் சொல்லுங்கோ. இந்த நிலா எப்படித் தோணித்து உங்களுக்கு?”

“நிலா இல்லை. இவரோட பல்லு.”

வாசலில் நின்ற ராமர் வாயைத் திறந்து காட்டினார். அட்டைக்கும் அசலுக்கும் வித்தியாசம் இல்லை.

வியாழக்கிழமை ஸாதனா வரவில்லை. ஆனால் வகுப்பன்று அவள் எடுத்த புகைப்படங்கள் வந்திருந்தன. பொய்க்குறிக்குச் சாட்சி வேண்டுமென்று சுதீர் அவளிடமே கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். மழை அழித்துவிட்ட பதின்மூன்றும் பூச்சுக்கடியில் அழியாத ஒன்றுமாகப் பதினான்கு ஸ்லாபும் அதில் தெளிவாக இருந்தன. விசாரித்தவர் சுகாதார அதிகாரி சுபாஷிணி.

“இதெல்லாம் நீ போட்ட குறிதானே?”

“போட்டோவை மேசைமேல வரிசையா வச்சுப் பார்க்கலாமா மேடம்?”

வைத்தார்கள். அம்பிளி சுதீரைப் பார்த்தாள். “ஒண்ணாம் தேதி நான் போட்ட படம் இதுல எது சார்?”

“எல்லாம்தான். வேற யாரு படம் வரைக்கிறா இங்கே?”

அம்பிளி டைரியைத் திறந்து முதல் ஏழு பக்கங்களை அதிகாரியிடம் காட்டினாள். “ஒரு நாளைக்கு ஒரு படம். சார் ஒத்துக்கிட்ட ஏற்பாடு, இது சார் போட்ட ஒப்பு. மேசைமேல பதினாலு படம் இருக்கு. எல்லாம் என்னோடதுன்னா நான் பதினாலு நாள் அந்தச் சந்துக்குப் போயிருக்கணும். சார் புக்குல ஒரே நாள்னு இருக்கு. ஒண்ணாம் தேதி என் படம் அறுந்த செருப்பு வாரு. பஜார் ரோட்டுல போட்டேன். அங்க கூரைக்கடியில ரெண்டு ஸ்லாபுல இன்னும் அழியலை. போய்ப் பாருங்க.”

சுபாஷிணி பலூன் படத்தைக் கையில் எடுத்தார். “இந்த உருண்டை என்ன?”

“தெரியாது மேடம். நான் பார்க்காததை வரையறதில்லை.”

“சுதீர், திமிங்கிலமும் கப் கேக்கும் ஒரே படமா?”

“வண்டியில போகும்போ…” என்று தொடங்கிய சுதீர் நிறுத்திக்கொண்டார். விசாரணையை அவரே அந்த இரண்டு சொல்லில் முடித்துவைத்துவிட்டார்.

பதினொரு வீட்டில் சாக்கடை புகுந்ததற்கு யார் பொறுப்பு என்பது இப்போது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். ஆனால் பொறுப்பு கீழே இறங்கும்போது காட்டும் வேகத்தை மேலே ஏறும்போது காட்டுவதில்லை. சுபாஷிணி கோப்பை மூடினார்.

“சரி, நோட்டீஸ் கேன்சல்னு வச்சுக்கோ. இனிமே படம் கிடம் ஒண்ணும் வேண்டாம். நம்பர் ஸ்டாம்ப் தரச் சொல்றேன். போ.”

“எழுதித் தாங்க மேடம்.”

“நான் சொன்னா போதாதா?”

“நோட்டீஸ் எழுதித்தானே வந்தது.”

அவள் நகரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வரை சுவரோரமாக நின்றாள். கடைசியில் ஓர் எழுத்தர் கடிதம் அடித்துக் கொண்டுவந்தார். அம்பிளி அதை இரண்டு முறை படித்தாள்.

“குற்றம் நிரூபிக்கப்படலைன்னு போட்டிருக்கு. செஞ்சும் பிடிபடலைன்னு ஆவும் அது. குறி நான் போட்டதில்லைன்னு எழுதுங்க.”

“இவளோட பெரிய தொல்லையாச்சே,” என்றார் எழுத்தர், அவளைப் பார்க்காமல்.

“எழுதினா தொல்லை போயிரும் சார்.”

எழுதினார்கள். பட்டியலில் நான்காவது பெயர் அப்படியே நின்றது. சுதீரின் மேல் நடவடிக்கை இல்லை, ஸ்கூட்டரின் வேகமும் குறையவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கவில்லை.

மறுநாள் அம்பிளியும் ராமரும் குடோன் சந்தை அள்ளினார்கள். பதின்மூன்று ஸ்லாப் முடிந்த பிறகும் தண்ணீர் நகரவில்லை. காபிக் கடை வாசலில் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். ஸாதனா படியிறங்கி ஓடிவந்தாள்.

“இதை விட்டுடுங்கோ, ப்ளீஸ். மத்ததெல்லாம் மழையில போயிடுத்து. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“அடைப்பு இதுக்கடியிலதான் மேடம்.”

“இது ஆர்ட் இல்லையா?”

“பல்லு,” என்றார் ராமர். கடப்பாரையை விளிம்பில் செலுத்தி மிதித்தார். பூச்சு நொறுங்கி, ஸ்லாப் ஒற்றைப் பல்லின் மேலாக இரண்டாகப் பிளந்தது. அடியில் காபித் தூள் இறுகிக் கட்டியாகியிருந்தது. அதற்குள் செருகிக்கொண்டு செங்கல் துண்டுகள். வகுப்பு முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, பதின்மூன்று பேரும் அவற்றைப் பக்கத்து ஓட்டைக்குள் போட்டிருந்தார்கள்.

அம்பிளி கையைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். கூர் மழுங்காத ஒன்றைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“படம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க,” என்றார் ராமர்.

“ஸ்லாபுக்குச் சொன்னாங்க. டைரிக்கு இல்லை. இந்த ஒரு வருஷமா கையிலயே வச்சிருந்தும் செங்கலை வரையத் தோணலை பாருங்கண்ணே. நாலே கோடு.”

தண்ணீர் ஒரு முறை குமுறிவிட்டு இறங்கத் தொடங்கியது. ஸாதனா செல்பேசியை உயர்த்திக்கொண்டு இரண்டடி கிட்டே வந்தாள்.

“தள்ளி நில்லுங்க மேடம்,” என்றாள் அம்பிளி, நிமிராமல். “சேறு தெறிக்கும்.”